ரெட் நோயுள்ள பிள்ளைக்கு வலிப்பு மருந்தும் இதய மருந்தும்: எங்கள் முன்னிருந்த மூன்று வழிகள்

ரெட் நோயுள்ள எங்கள் மகளுக்கு எட்டு வயது நிறைந்த மாதத்தில், ஒரே கிளினிக் நாளில் இரண்டு செய்திகள் கிடைத்தன. வலிப்புக்கு அதுவரை கொடுத்துவந்த சோடியம் வல்ப்ரோயேட் போதவில்லை, அதை மாற்றவோ இன்னொரு மருந்தைச் சேர்க்கவோ வேண்டும் என்பது ஒன்று. அன்று காலை எடுத்த ஈ.சி.ஜி.யில் (இதயத்தின் மின்பதிவு) கியூ.டி. இடைவெளி, அதாவது இதயம் சுருங்கத் தொடங்கி அடுத்த துடிப்புக்குத் தயாராக எடுக்கும் நேரம், நீண்டிருக்கிறது என்பது மற்றது. இரண்டையும் தனித்தனியே தீர்த்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் வலிப்புக்குக் கொடுக்கும் சில மருந்துகள் இதயத்தின் மின்னியக்கத்தையும் தொடுகின்றன. இதயத் துடிப்பு தடுமாறி மயங்கி விழும் பிள்ளை, பார்ப்பவர் கண்ணுக்கு வலிப்பு வந்த பிள்ளை போலவே தோன்றுகிறது. ஆகவே ஒன்றை விட்டு மற்றதைத் தீர்மானிக்க முடியாது என்பது விரைவிலேயே புரிந்தது. திருகோணமலையிலிருந்து இந்தத் தீர்மானத்தை நாங்கள் எப்படி எடுத்தோம், எந்த வழியில் என்ன நன்மை, என்ன ஆபத்து என்று கேட்டறிந்தோம் என்பதை இங்கே எழுதுகிறேன். நான் வைத்தியன் அல்லன், விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியன். மருந்தின் அளவைப் பிள்ளையைப் பார்க்கும் வைத்திய நிபுணர் மட்டுமே சொல்ல வேண்டும்.

நோயைப் பற்றிச் சுருக்கமாக. வியன்னாவில் பணியாற்றிய அன்ட்ரியாஸ் ரெட் என்னும் சிறுவர் வைத்தியர் 1966இல் இதை முதன்முதலில் விவரித்தார். 1983இல் சுவீடனின் பெங்ட் ஹாக்பெர்க்கும் அவருடன் இருந்தவர்களும் எழுதிய பிறகே உலகம் இதைக் கவனித்தது. எக்ஸ் நிறமூர்த்தத்தில் உள்ள எம்.ஈ.சி.பி.2 என்னும் மரபணுவில் ஏற்படும் மாற்றமே பெரும்பாலான பிள்ளைகளில் காரணம் என்பதை 1999இல் ஹூடா சோக்பியின் ஆய்வுகூடம் கண்டறிந்தது. ஏறத்தாழ 10,000 பெண் பிள்ளைகளில் ஒருவருக்கு இது வருகிறது. ஆறு மாதமோ ஒன்றரை வயதோ ஆகும்வரை பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலவே வளரும். பிறகு பேசிய சொற்கள் போகும், பொருளைப் பிடித்த கை பிடிக்க மறுக்கும், இரண்டு கையையும் கழுவுவது போலத் தேய்த்துக்கொண்டேயிருக்கும். இந்த மரபணு மாற்றம் பெரும்பாலும் அந்தப் பிள்ளையில் புதிதாகவே தோன்றுவது. கர்ப்ப காலத்தில் தாய் உண்டதாலோ நடந்ததாலோ வருவதல்ல. எங்கள் ஊரில் இன்னமும் தாயைக் குற்றம் சொல்லும் பழக்கம் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

முதல் தீர்மானம்: உடனே மருந்தை மாற்றுவதா, கொழும்புக்குப் போய் வீடியோ ஈ.ஈ.ஜி. (வீடியோவுடன் மூளை அலைப் பதிவு) எடுப்பதா

ரெட் நோயுள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு 60 முதல் 80 பேருக்கு ஏதோ ஒரு வயதில் வலிப்பு வருகிறது. பெரும்பாலும் இரண்டு வயதுக்குப் பிறகே அது தொடங்கும். ஆயினும் வலிப்பு என்று வீட்டார் எண்ணும் எல்லாமே வலிப்பு அல்ல. இந்தப் பிள்ளைகளுக்கு மூச்சின் ஒழுங்கு விழித்திருக்கும் நேரத்தில் குலைகிறது: சில நேரம் வேகமாக மூச்சிரைக்கும், சில நேரம் மூச்சை அடக்கிக்கொண்டு உதடு நீலமாகும்வரை அசையாமல் இருக்கும், சில நேரம் காற்றை விழுங்கி வயிறு மத்தளம் போல இறுகிவிடும். அப்போது கண் ஒரு பக்கம் நிலைக்கும், கை நடுங்கும், கூப்பிட்டால் திரும்பாது.

இதை எங்களுக்கு முதலில் பிரித்துக் காட்டியவர் என் மனைவியின் தாயார். விறாந்தையில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவர் பல நாள் பார்த்திருக்கிறார். ஒரு பின்னேரம் என்னைக் கூப்பிட்டு, “தம்பி, இது வலிப்பு இல்லை. முதலில் கை தேய்க்கிறது நிற்குது, பிறகு நெஞ்சு ஏறி நிற்குது, பிறகுதான் முகம் மாறுது. நித்திரையில் இது ஒருநாளும் வாறதில்லை. விடியற்காலையில் உடம்பை முறுக்கிக்கொண்டு வாறது வேற,” என்றார். நரம்பியல் வைத்திய நிபுணரிடம் இதை அப்படியே சொன்னபோது, பிள்ளையைப் பற்றி அன்று கேட்டவற்றுள் மிகவும் பயனுள்ள தகவல் இதுதான் என்று அவர் குறித்துக்கொண்டார். ரெட் பிள்ளைகளின் மூச்சுக் குழப்பம் பெரும்பாலும் விழிப்பில் நிகழ்வது. நித்திரையில் உடல் விறைத்து உதறுவது வலிப்பாக இருக்கவே கூடுதல் வாய்ப்பு.

சாதாரண ஈ.ஈ.ஜி. எடுத்தால் போதாதா என்று கேட்டோம். ரெட் நோயுள்ள பிள்ளைகளின் ஈ.ஈ.ஜி., வலிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஏறக்குறைய எப்போதும் வழமைக்கு மாறாகவே இருக்கும். ஆகவே அரை மணி நேரத் தாளில் கூரான அலைகள் தெரிகின்றன என்பதை மட்டும் வைத்து வலிப்பு மருந்தைக் கூட்டுவது சரியல்ல. வீடியோவும் மூளை அலையும் ஒரே நேரத்தில் பதிவாகி, பிள்ளை அப்படிச் செய்யும் அதே கணத்தில் மூளையில் என்ன நடக்கிறது என்று பார்த்தால்தான் உறுதியாகும்.

ஏறத்தாழ 260 கிலோமீற்றர் தூரம், இரவு ரயிலில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பயணம், கொழும்பில் தங்குமிடம், இரண்டு பேரின் விடுமுறை, எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் இது சிறிய காரியமல்ல. எனவே எல்லாருக்கும் உடனே அது வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். நித்திரையில் உடல் விறைத்து, ஒழுங்காக உதறி, பிறகு நீண்ட நேரம் சோர்ந்து கிடக்கும் பிள்ளைக்கு மருந்து தொடங்குவதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஆனால் ஒரு மருந்து கேட்காமல் இரண்டாவது, இரண்டாவதும் கேட்காமல் மூன்றாவது என்று குளிசைகள் கூடிக்கொண்டே போகும் நிலை வந்தால், மூன்றாவது மருந்தைத் தொடங்கும் முன் அந்தப் பயணத்தைச் செய்துவிடுவது நல்லது. மூச்சை அடக்குவதற்கு வலிப்பு மருந்து எத்தனை கொடுத்தாலும் பயனில்லை. தூக்கமும் தள்ளாட்டமும் மட்டுமே மிஞ்சும்.

நாங்கள் இரண்டுக்கும் நடுவான வழியை எடுத்தோம். மூன்று வாரம், நிகழ்வு வரும்போதெல்லாம் கைத்தொலைபேசியில் பதிவு செய்தோம். முகமும் நெஞ்சும் இரண்டு கையும் ஒன்றாகத் தெரியும்படி எடுக்க வேண்டும் என்று சொல்லித் தந்தார்கள். 19 பதிவுகளில் 12ஐ மூச்சுக் குழப்பம் என்றே நிபுணர் ஒதுக்கிவிட்டார். மீதி ஏழும் வலிப்பு என்று கொள்ளத்தக்கவை. அவற்றில் ஐந்து விடியற்காலையில் வந்தவை. கொழும்புப் பயணத்தை இருதய கிளினிக் நாளுடன் சேர்த்து ஒரே தடவையாக வைத்துக்கொண்டோம்.

இன்னொரு வகை நிகழ்வையும் மனதில் வைத்திருக்க வேண்டும். திடீரென்று துணி போலத் துவண்டு விழுதல், முகம் வெளிறிப்போதல், சில செக்கன்களில் தானாகத் தெளிதல். அதிலும் பெரிய சத்தம், பயம், அழுகைக்குப் பின் வருதல். இரத்தம் மூளைக்குப் போகாத அந்தச் சில செக்கன்களில் கைகால் உதறவும் செய்யும். இதை வலிப்பு என்று எழுதிவிட்டு ஈ.சி.ஜி. எடுக்காமல் விடுவதுதான் நான் அறிந்தவற்றுள் மிக ஆபத்தான தவறு.

ஈ.சி.ஜி. தாளில் ஒன்பது சின்னச் சதுரங்கள்

இதயத்தின் கீழறைகளைச் சுருங்கவைக்கும் மின் அலை, தாளில் கியூ என்று குறிக்கும் இடத்தில் ஆரம்பிக்கிறது. அவை அடுத்த துடிப்புக்குத் தயாராகி முடிவது டி அலையின் முடிவில். இடைப்பட்ட நேரமே கியூ.டி. அது நீண்டால், தயாராகாத இதயத்தசையில் அடுத்த மின் அலை வந்து விழுந்து, துடிப்பு ஒழுங்கற்ற வேகத்துக்குப் போகக்கூடும். துடிப்பு வேகமாக இருந்தால் கியூ.டி. இயல்பாகவே குறுகும் என்பதால், வேகத்துக்கு ஏற்பத் திருத்திய அளவையே பார்ப்பார்கள். அதைக் கியூ.டி.சி. என்பார்கள். 440 மில்லி செக்கனுக்குள் இருந்தால் கவலையில்லை, 460ஐத் தாண்டினால் நீண்டது, 500ஐத் தாண்டினால் ஆபத்து என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. ரெட் பிள்ளைகளில் 450ஐத் தாண்டினாலே இருதய நிபுணரிடம் அனுப்புகிறார்கள். இந்தப் பிள்ளைகளில் ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானோரிடம் இது நீண்டிருப்பது காணப்பட்டிருக்கிறது. ரெட் நோயில் நிகழும் மரணங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று திடீர் மரணம். அவை அனைத்தும் இதயத்தால் நிகழ்ந்தவை என்று கொள்ள முடியாது, வலிப்பும் மூச்சும்கூடக் காரணமாகலாம். ஆயினும் நோயை அறிந்த நாளில் ஒரு ஈ.சி.ஜி., பிறகு ஆண்டுக்கு ஒன்று என்று பரிந்துரைப்பதற்கு இந்தக் கணக்கே காரணம்.

எங்கள் மகளின் முதலாவது தாளை நான் வீட்டுக்குக் கொண்டுவந்து, மேசை விளக்கின் கீழ் வைத்து எண்ணினேன். தாள் செக்கனுக்கு 25 மில்லிமீற்றர் ஓடுவதால் ஒரு சின்னச் சதுரம் 0.04 செக்கன். கியூ.டி. ஒன்பது சதுரம், அதாவது 0.36 செக்கன். ஒரு துடிப்பிலிருந்து அடுத்த துடிப்புக்கு 14 சதுரம், அதாவது 0.56 செக்கன், நிமிடத்துக்கு 107 துடிப்பு. கியூ.டி.யைத் துடிப்பு இடைவெளியின் வர்க்கமூலத்தால் வகுக்கும் பசெற் முறைப்படி 481 மில்லி செக்கன் வருகிறது. வர்க்கமூலத்துக்குப் பதில் கனமூலத்தால் வகுக்கும் ஃபிரிடெரீசியா முறைப்படி 437 வருகிறது. இரண்டு முறையும் 1920ஆம் ஆண்டிலேயே வெளிவந்தவை. ஒரே தாள், ஒரே பிள்ளை. ஒரு முறையில் கவலைக்குரிய அளவு, மற்ற முறையில் இயல்பான அளவு. பசெற் முறை பழக்கத்தில் உள்ளது, பிள்ளைகளின் அளவுகோல்களும் பெரும்பாலும் அதையே அடிப்படையாகக் கொண்டவை. ஆனால் துடிப்பு வேகமாக இருக்கும்போது அது அளவைக் கூட்டிக் காட்டும். அன்று என் மகள் ஒட்டியிருந்த குளிர்ந்த தட்டுகளுக்குப் பயந்து அழுதாள், கையைத் தேய்ப்பதை நிறுத்தவேயில்லை.

இதனால் முதலாவது தாளை வைத்து எந்த மருந்தும் தொடங்காமல், அமைதியான நிலையில் மீண்டும் எடுக்கச் சொன்ன வைத்தியருக்கு நன்றியுடையவனாக இருக்கிறேன். இரண்டாவது முறை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, அம்மம்மாவின் மடியில், கண் சொக்கும் நேரத்தில் எடுத்தார்கள். கியூ.டி. பத்துச் சதுரம், துடிப்பு இடைவெளி 18 சதுரம். பசெற் 471, ஃபிரிடெரீசியா 446. பசெற் அளவு இறங்கியது, ஃபிரிடெரீசியா அளவு சற்று ஏறியது; நீள்வு முற்றாக நீங்கவில்லை. இயந்திரம் தானாக அச்சிடும் எண்ணை மட்டும் நம்பாமல், நிபுணர் கையால் அளந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். துடிப்பு வேகத்தையும் அதனருகே எழுதச் சொல்லுங்கள். வேகம் தெரியாமல் இரண்டு ஆண்டுகளின் எண்களை ஒப்பிடுவதில் பொருளில்லை.

மூன்று வழிகள்

இந்த அளவுடன் எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன: வலிப்புக்கும் இதயத்துக்கும் சேர்த்து ஃபெனிட்டோயின் என்ற ஒரே மருந்து, வலிப்புக்கு ஒரு மருந்தும் இதயத்துக்குப் புரோபிரனோலோல் என்ற பீட்டா தடுப்பு மருந்தும் (துடிப்பின் வேகத்தைத் தணிப்பது) என இரண்டு, வலிப்பு மருந்தை மட்டும் கவனமாகத் தெரிந்து, இதயத்துக்கு மருந்தின்றி ஈ.சி.ஜி.யால் காவல் செய்தல்.

ஒரே மருந்து என்ற எண்ணம் எந்தப் பெற்றோரையும் ஈர்க்கும், என்னையும் ஈர்த்தது. அதற்குப் பின்னால் நல்ல காரணமும் உண்டு. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகர ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், எம்.ஈ.சி.பி.2 இல்லாத எலிகளுக்கும் கியூ.டி. நீண்டிருப்பதைக் கண்டார்கள். நரம்பு மண்டலத்தில் மட்டும் அந்த மரபணுவை நீக்கினாலும் இதயத்தில் அந்த மாற்றம் வந்தது. அதாவது இதயம் தானாகக் கெட்டதல்ல, நரம்புகளின் ஆணை குலைந்ததால் இதயத்தசையின் சோடியக் கால்வாய்கள் (உயிரணுவுக்குள் சோடியம் நுழையும் வாயில்கள்) வேண்டிய நேரத்தில் மூடாமல் மின்னோட்டத்தைக் கசியவிடுகின்றன. சோடியக் கால்வாயைத் தடுக்கும் ஃபெனிட்டோயின் அந்த எலிகளில் துடிப்புத் தடுமாற்றத்தைத் தடுத்தது. நீண்ட கியூ.டி.க்கு வழமையாகக் கொடுக்கும் பீட்டா தடுப்பு மருந்து தடுக்கவில்லை. ஃபெனிட்டோயின் பல பத்தாண்டுகளாகப் பழக்கத்தில் உள்ள வலிப்பு மருந்து, விலையும் குறைவு.

ஆனால் எலியில் கண்டது பிள்ளைக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ள முடியாது. ரெட் பிள்ளையின் உடலை எண்ணிப் பார்த்தால் தயக்கம் இன்னும் கூடுகிறது. இந்த மருந்தின் அளவைக் கொஞ்சம் கூட்டினால் இரத்தத்தில் அதன் மட்டம் கொஞ்சம்தான் கூடும் என்றில்லை. ஓர் எல்லைக்குப் பிறகு திடீரென்று ஏறிவிடும். ஏறினால் தள்ளாட்டம் வரும். பிடித்து நடந்தால் பத்து அடி நடக்கும் பிள்ளைக்கு அந்தத் தள்ளாட்டம் உள்ள நடையையும் பறித்துவிடும். தலை சுற்றுகிறது என்று சொல்ல அவளுக்குப் பேச்சில்லை. பல் முரசு தடிக்கும், பல்லைக் கடித்துக்கொண்டேயிருக்கும், தூரிகையை வாய்க்குள் விடாத பிள்ளைக்கு அது தினமும் வேதனை. எலும்பு மெலியும், ரெட் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே எலும்பு மெலிவு உண்டு. பாணி மருந்தாகக் கொடுத்தால் போத்தலைக் குலுக்காத நாளில் மருந்து அடியில் தங்கி, மேலிருந்து எடுக்கும் கரண்டி பலவீனமாகவும் கடைசிக் கரண்டிகள் கடுமையாகவும் இருக்கும். வயிற்றுக் குழாய்வழி உணவு பெறும் பிள்ளைக்குப் பால் உணவுடன் சேர்த்தால் மருந்து சரியாக உட்செல்லாது. இரத்த மட்டத்தை அடிக்கடி பார்க்க வேண்டும் என்பதால், அந்தப் பரிசோதனை எங்கே செய்யலாம், முடிவு எத்தனை நாளில் வரும் என்று முன்கூட்டியே கேட்டறியாமல் இந்த வழியைத் தொடங்கக் கூடாது. வேறு மருந்துகளுக்கு அடங்காத வலிப்பும், ஐயத்துக்கிடமின்றி நீண்ட கியூ.டி.யும் ஒரே பிள்ளையில் இருந்தால் இருதய, நரம்பியல் நிபுணர்கள் இருவரும் சேர்ந்து இதைத் தெரிவு செய்யலாம். முதல் தெரிவாக இதை ஏற்க எனக்கு மனமில்லை.

இரண்டாவது வழியில் புரோபிரனோலோல் வருகிறது. பிறப்பிலேயே பரம்பரையாக வரும் நீண்ட கியூ.டி. நோயில் பீட்டா தடுப்பு மருந்துகளே அடிப்படைச் சிகிச்சை, அவற்றால் உயிர்கள் காக்கப்படுகின்றன. ரெட் நோயில் அந்த அளவு உறுதி இல்லை. எலி ஆய்வு அதற்கு எதிராகவே நிற்கிறது. இருந்தாலும் கியூ.டி.சி. 500ஐ எட்டிய பிள்ளைக்கும், மயங்கி விழுந்த பிள்ளைக்கும் இருதய நிபுணர் இதைத் தொடங்குவது முற்றிலும் நியாயமானது. அப்படித் தொடங்கினால் வீட்டில் மூன்று விடயங்களைக் காக்க வேண்டும். சாப்பிடாமல் இருக்கும் நாளில் இரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கும், ஆகவே காய்ச்சலில் உணவை மறுக்கும் பிள்ளைக்கு உடனே வைத்தியரை அழைக்க வேண்டும். இழுப்பு உள்ள பிள்ளைக்கு மூச்சு அடைக்கலாம், ஆகவே குடும்பத்தில் ஆஸ்துமா உண்டா என்பதைச் சொல்ல வேண்டும். மருந்து தீர்ந்துபோய் இரண்டு நாள் இடைவெளி விழுவது, தொடங்காமல் இருப்பதைவிட ஆபத்து; திடீரென்று நிறுத்தக் கூடாத மருந்து இது. ரெட் பிள்ளைகளின் குளிர்ந்து நீலம்பாரித்த பாதங்கள் இன்னும் குளிரும் என்பதையும் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

மூன்றாவது வழியில் கேள்வி முழுவதும் எந்த வலிப்பு மருந்து என்பதாகிறது. ரெட் நோயின் வலிப்புக்கு இந்த மருந்தே சிறந்தது என்று நிலைநாட்டிய பெரிய ஒப்பீட்டு ஆய்வு எதுவும் இல்லை. வல்ப்ரோயேட் பலவகை வலிப்புக்கும் கேட்கிறது, கியூ.டி.யை நீட்டுவதாக அறியப்படவில்லை. ஆனால் ஆஸ்திரேலியாவில் ரெட் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், அதை எடுத்த பிள்ளைகளுக்கு எலும்பு முறிவு கூடுதலாகக் காணப்பட்டது. குருதிச் சிறுதட்டும் ஈரலும் பார்க்கப்பட வேண்டும். கார்பமசெபின் ஒருபக்க வலிப்புக்கு நன்று. எனினும் இரத்தத்தில் சோடியம் குறையலாம், ஆசிய மரபுவழியினர் சிலரிடம் கடுமையான தோல் ஒவ்வாமை வருவதற்கான மரபுக்கூறு உண்டு, இதயத்தின் மின்கடத்தலில் தடை உள்ளவருக்கு அது உகந்ததல்ல. லமோட்ரிஜினை வாரக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் ஏற்ற வேண்டும். வல்ப்ரோயேட்டுடன் சேர்த்தால் அதன் மட்டம் இரட்டிப்பாகும் என்பதால் இன்னும் மெதுவாக. டோபிரமேட் வியர்வையைக் குறைத்து உடல் சூட்டை ஏற்றக்கூடியது. கச்சான் காற்று வீசும் மாதங்களில், மின்விசிறியும் நின்றுபோன ஒரு பகலில், வியர்க்காத பிள்ளையை இங்கே வைத்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பசியைக் குறைத்து எடையைக் குறைப்பது அதன் இன்னொரு குறை. குளோபசம் துணை மருந்தாக நல்லது, எச்சிலும் தூக்கமும் கூடும். கொழுப்பு மிகுந்த கீட்டோஜெனிக் உணவு மருந்தல்ல என்பதால் இதயத்துக்குப் பாதுகாப்பானது என்று நாங்கள் நினைத்திருந்தோம். செலெனியம் குறைந்து கியூ.டி. நீண்ட பிள்ளைகள் பதிவாகியிருப்பதை நிபுணர் சொன்ன பிறகு அந்த எண்ணத்தை ஒத்திவைத்தோம்.

லெவெடிரசெட்டம் மற்ற மருந்துகளுடன் மோதுவது மிகக் குறைவு, இரத்த மட்டம் பார்க்க வேண்டியதில்லை, எலும்பையும் முரசையும் பெரிதாகத் தொடுவதில்லை. கியூ.டி. நீள்வு மிக அரிதாகவே பதிவாகியுள்ளது. மாற்றிய பின் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிட்டால் அந்த ஐயமும் தீரும். எரிச்சலும் அழுகையும் கூடுவதுதான் அதன் பெரிய குறை, சில பிள்ளைகளுக்குத் தாங்கமுடியாத அளவு கூடும்.

நாங்கள் எடுத்தது

கொழும்பில் 24 மணி நேரம் பதிவு செய்யும் ஹோல்ட்டர் கருவியில் துடிப்புத் தடுமாற்றம் எதுவும் இல்லை. எங்கள் இருவருக்கும் ஈ.சி.ஜி. எடுத்தார்கள், பரம்பரை நீண்ட கியூ.டி. நோய் தனியே இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளவே அது, இரண்டும் இயல்பாக இருந்தன. மகள் ஒருநாளும் மயங்கி விழுந்ததில்லை. ஆகவே மூன்றாவது வழியை எடுத்தோம்: லெவெடிரசெட்டத்தை ஏற்றி, வல்ப்ரோயேட்டை மூன்று மாதத்தில் படிப்படியாகக் குறைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு ஈ.சி.ஜி. அமைதியான நிலையில் எடுத்த அளவு 480ஐத் தாண்டினால், அல்லது ஒரு தடவையேனும் துவண்டு விழுந்தால், அடுத்த கிளினிக்குக்குக் காத்திராமல் புரோபிரனோலோல் பற்றி இருதய நிபுணர் தீர்மானிப்பார் என்று முன்கூட்டியே பேசிவைத்திருக்கிறோம். முதல் ஆறு வாரம் அழுகை கூடியது உண்மை; பிறகு குறைந்தது. விடியற்கால வலிப்பு வாரத்துக்கு இரண்டாக இருந்தது, இப்போது மாதத்துக்கு ஒன்று.

இந்த வழியில் உண்மையான வேலை மருந்துக்கடையின் முன்னால்தான் இருக்கிறது. மருந்தின்றிக் காவல் செய்வதென்றால், கியூ.டி.யை நீட்டும் மற்ற மருந்துகள் உள்ளே வராமல் காக்க வேண்டும். மகளுக்கு வாந்தியும் இருமலும் வந்த ஓர் ஞாயிற்றுக்கிழமை, நகரில் ஒரு மருந்துக்கடையில் வாந்திக்கு டொம்பெரிடோனும் இருமலுக்கு எரித்ரோமைசினும் ஒரே கடதாசிப் பையில் தந்தார்கள். இரண்டும் கியூ.டி.யை நீட்டுபவை. இரண்டும் சேர்வது இன்னும் மோசம், ஏனென்றால் எரித்ரோமைசின் டொம்பெரிடோன் உடலிலிருந்து வெளியேறுவதைத் தடுத்து அதன் மட்டத்தை ஏற்றுகிறது. பிள்ளைக்கு வேறு நோய் உண்டா என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பையைத் திறந்தபோது மனைவிதான் பெயரை வாசித்து நிறுத்தினாள். அன்றிரவே கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில், சிவப்பு மையில், நோயின் பெயரையும் கடைசி கியூ.டி.சி. அளவையும், கொடுக்கக் கூடாத மருந்துகளையும் எழுதி ஒட்டினோம்: எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், அசித்ரோமைசின், சிப்ரோஃப்ளொக்சசின், ஃப்ளூகொனசோல், டொம்பெரிடோன், ஒன்டன்செட்ரோன், ஹலோபெரிடோல், எஸ்சிட்டலோபிராம். ரெட் பிள்ளைகளுக்கு நெஞ்செரிவும் வாந்தியும் வழமை என்பதால் டொம்பெரிடோன் எளிதாக வந்து சேரும். அதைத்தான் முதலில் மனனம் செய்ய வேண்டும். இவற்றில் ஒன்று தவிர்க்கமுடியாமல் தேவைப்படும் நாள் வரலாம். அப்போது வைத்தியசாலையில் ஈ.சி.ஜி. பார்த்துக்கொண்டு கொடுப்பார்கள்.

வயிற்றோட்டமும் வாந்தியும் அதே அளவு கவனிக்கத்தக்கவை. பொட்டாசியமும் மக்னீசியமும் குறைந்தால் கியூ.டி. தானாகவே நீளும். வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் ஜீவனி உப்புக் கரைசல் வீட்டில் எப்போதும் இருக்கிறது. அரை நாள் நிற்காவிட்டால் இரத்தத்தில் உப்புகளைப் பார்க்கும்படி கேட்டு வைத்தியசாலைக்குப் போய்விடுகிறோம். வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழைக்க வேண்டும்; அதற்கிடையில் வலிப்பை நிறுத்தக் கன்னத்தின் உட்பக்கம் விடும் மிடசொலம், நிபுணர் எழுதித் தந்த அளவில். துவண்டு விழுந்து மூச்சும் நாடியும் இல்லையென்றால் ஐந்து நிமிடம் எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது, உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். அதை நாங்கள் மூவரும், அம்மம்மாவும் சேர்ந்து, கற்றுக்கொண்டோம்.

இரண்டாம் தவணை ஈ.சி.ஜி.க்குப் போனபோது பழைய தாளைக் கொண்டுவரச் சொன்னார்கள். கோப்பைத் திறந்தால், அலுமாரியின் சூட்டில் முதலாவது தாளின் கோடு சாம்பல் நிறமாகி, டி அலையின் முடிவு எங்கே என்றே தெரியாமல் மங்கிப்போயிருந்தது. ஈ.சி.ஜி. தாள் வெப்பத்தால் பதிவாகும் தாள்; எங்கள் ஊர் வெயிலில் அது நிலைப்பதில்லை. நான் எண்ணி எழுதி வைத்திருந்த ஒன்பது சதுரமும் 14 சதுரமும்தான் ஒப்பிட மிஞ்சின. இப்போது தாளை வாங்கிய அன்றே ஃபோட்டோகொப்பி எடுத்து, திகதியும் துடிப்பு வேகமும் பிள்ளை அழுதாளா உறங்கினாளா என்பதும் ஓரத்தில் எழுதி, கிளினிக் கொப்பியுடன் சேர்த்துக் கட்டிவைக்கிறோம்.